ஹாஃப்கின் பெருமகனார்

பிழைப்பை நாடி இம்மும்பை மாநகருக்கு வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் நிலையாக ஊன்றிய இடங்களுள் மாதுங்காவும் அதனை அடுத்த பகுதிகளும் தலையாயவை. அகன்ற தெருக்களும், இருமருங்கும் நிழல் தரும் மரங்களும், காற்றும் வெளிச்சமும் தடையின்றிப் புகும் வீடுகளும் அமைந்த அப்பகுதிகள் எவ்வாறு தோன்றின என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவை ஒரு கொடிய நோயின் பின்விளைவாகப் பிறந்தவை. 1896ஆம் ஆண்டு இந்நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றியது. நெருக்கமும் இருளும் மிகுந்த குடியிருப்புகளே நோய்க்கு வித்து என்று கருதிய அரசினர், 1898இல் நகர மேம்பாட்டுக்கென ஓர் அமைப்பினை நிறுவினர். அவ்வமைப்பு வகுத்த திட்டத்தின்படி எழுந்தவையே தாதரும் மாதுங்காவும். நாம் வாடகை கொடுத்தும் விலை கொடுத்தும் பெற்ற இடத்திற்கு, நமக்கு முன்னிருந்தோர் உயிரையே விலையாகக் கொடுத்திருந்தனர்.

அக்கொள்ளைநோயை எதிர்த்து நின்றவருள் ஒருவர் நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்தவர். அவர் பெயரைப் பரேலில் உள்ள ஆராய்ச்சி நிலையம் தாங்கி நிற்கின்றது. ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் என்று நாள்தோறும் நம் நாவில் வழங்கும் அப்பெயருக்கு உரியவர் யார், அவர் பட்ட துயர் யாது என்பதை ஆண்டு விழாக் கூடும் இந்நன்னாளில் நினைவுகூர்தல் தகும் என்று கருதுகின்றோம்.

வால்டெமார் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு கருங்கடற்கரையில் உள்ள ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகர் அப்போது ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்தது. இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவர் விலங்கியல் பயின்றார். அவருக்கு வாய்த்த ஆசான் மெச்னிகாவ். உடலுட் புகும் கிருமிகளைக் குருதியின் வெள்ளணுக்கள் விழுங்கிக் காக்கின்றன என்பதைக் கண்டறிந்து, பின்னாளில், 1908இல், நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர் அவரே. நல்லாசானும் நன்மாணாக்கரும் கூடிய அவ்வுறவு ஹாஃப்கின் வாழ்வில் இருமுறை கைகொடுத்தது.

முதல்முறை, 1881இல். அவ்வாண்டு ஒடெசாவில் யூதர்கள் மீது வெறியர் கூட்டம் பாய்ந்தது. தம் மக்களைக் காக்க எழுந்த தற்காப்புக் குழுவில் இளைஞர் ஹாஃப்கினும் சேர்ந்தார், காயமுற்றார், சிறைப்பட்டார். மெச்னிகாவ் தலையிட்டு அவரை மீட்டார். படிப்பு முடிந்தபின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி பெறும் தகுதி ஹாஃப்கினுக்கு இருந்தது. ஆயினும் தம் சமயத்தைத் துறந்து அரசின் சமயத்தை ஏற்றாலன்றி அப்பதவி கிட்டாது என்ற நிலை. அவர் சமயத்தைத் துறக்கவில்லை, பதவியைத் துறந்தார். அருங்காட்சியகப் பணியில் சில ஆண்டுகளைக் கழித்து, 1888இல் தாய்நாட்டை விட்டு ஜினீவா சென்றார்.

இரண்டாம் முறை ஆசான் கைகொடுத்தது பாரிசில். மெச்னிகாவ் அப்போது பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்திருந்தார். 1889இல் ஹாஃப்கின் அங்கு வந்தபோது ஆராய்ச்சியாளர் இடம் எதுவும் காலியாக இல்லை. நூலகப் பொறுப்பே கிடைத்தது. அதனை இழிவென்று கருதாது ஏற்றார். பகலில் நூல்களைப் பேணினார். எஞ்சிய பொழுதில் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். வயலின் வாசிப்பதே அவருக்கு ஓய்வு.

அக்காலத்தில் நுண்கிருமி ஆராய்ச்சி வேகமாக வளர்ந்து வந்தது. கோழியைத் தாக்கும் காலராவிலும், ஆடுமாடுகளை மாய்க்கும் அடைப்பானிலும், வெறிநாய்க் கடியிலும் பாஸ்டர் நடத்திய ஆராய்ச்சிகள் ஓர் அரிய உண்மையை விளக்கியிருந்தன. நோய்க்கிருமியின் வலிமையைக் குறைத்து உடலிற் செலுத்தினால், அவ்வுடல் பின்வரும் வலிய கிருமியை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுகின்றது என்பதே அது. மனிதர்க்குக் காலராவை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் கோக் முதலில் எகிப்திலும், பின்னர் 1884இல் நம் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உறுதிப்படுத்தியிருந்தார். ஆனால் அந்நோய்க்கு ஏற்ற தடுப்பு மருந்து இன்னும் உருவாகவில்லை. ஹாஃப்கின் அதனை மேற்கொண்டார்.

அவர் இரு வழிகளில் கிருமியைப் பக்குவப்படுத்தினார். உடற்சூட்டினும் சற்று மிகுந்த வெப்பத்தில் காற்றோட்டம் படுமாறு வளர்த்துக் கிருமியின் வலிமையைத் தணித்தது ஒருவழி. கினிப்பன்றி என்னும் சிற்றுயிரின் வயிற்றறையில் ஒன்றன்பின் ஒன்றாக முப்பதுக்கு மேற்பட்ட முறை செலுத்தி அதன் வலிமையை ஒரே அளவில் நிலைபெறச் செய்தது மற்றொரு வழி. முதலில் தணிந்த கிருமி, சில நாள் கழித்து வலிய கிருமி என இரு ஊசிகள் இடுவது அவர் முறை. விலங்குகளில் அது பயன் தந்தது. மனிதர்க்கு எப்படியோ என்ற ஐயம் எழுந்தபோது, அவர் பிறர் உடலைத் தேடவில்லை. 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் தம் உடலிலேயே அவ்வூசியை ஏற்றிக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டு சில நாளில் தேறினார்.

தம்மைத் துரத்திய ரஷ்யாவில் அவ்வாண்டு காலரா பரவியிருந்தது. அந்நாட்டுக்கே தம் மருந்தை முதலில் அளிக்க முன்வந்தார் ஹாஃப்கின், அரசு ஏற்கவில்லை. பாரிசில் ஆங்கிலத் தூதராக இருந்த டப்ரின் பிரபு முன்னர் இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். இந்நாட்டில் காலரா விளைக்கும் அழிவை நன்கறிந்தவர். அவருடைய ஆதரவால் 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

வந்தவரை நம் நாடு மலர்தூவி வரவேற்றது என்று சொல்வதற்கில்லை. வேற்று நாட்டான் ஒருவன் ஊசியோடு வந்தால் எவருக்குத்தான் அச்சம் எழாது? கல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் அவர்மீது கல்லெறியும் நிகழ்ந்தது. அவர் சினக்கவில்லை, காவலரையும் நாடவில்லை. உடன் வந்த இந்திய மருத்துவர்கள் மக்கள் கண்முன்னே தம் மேனியில் ஊசி ஏற்றுக்கொண்டனர். அதனைக் கண்ட பின்னரே மக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். விரும்பியவர்க்கு மட்டுமே ஊசி என்பதை ஹாஃப்கின் விதியாகக் கொண்டார்.

1894இல் கல்கத்தாவின் கட்டால் பகான் என்னும் குடியிருப்பில் காலரா தோன்றியது. அங்கிருந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி இட்டுக்கொண்டனர். அதன்பின் அங்குப் பத்துப் பேருக்கு நோய் கண்டு எழுவர் மாண்டனர். அப்பதின்மரும் ஊசி இட்டுக்கொள்ளாதவரே. ஒரே குளத்து நீரைக் குடித்து, ஒரே முற்றத்தில் வாழ்ந்த மக்களிடையே கண்ட இவ்வேறுபாடு பலரை நம்பச் செய்தது. ஆக்ரா முதலிய ஊர்களிலும் வடநாட்டின் பல பகுதிகளிலும் சுற்றி, இரண்டரை ஆண்டுக்குள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு அவரும் அவர்தம் துணைவரும் ஊசி இட்டனர். அலைச்சலால் மலேரியா பற்றியது. 1895இல் ஐரோப்பா திரும்பினார். உடல் முழுதும் தேறுமுன்னரே மறு ஆண்டு மீண்டும் இந்தியா வந்து பணியைத் தொடங்கினார்.

1896 செப்டம்பரில், அந்நாளில் பம்பாய் எனப்பட்ட இந்நகரின் மாண்ட்விப் பகுதியில், டாக்டர் வியேகாஸ் என்பார் தாம் கண்ட நோயாளிகளுக்குற்றது பிளேக் என்று அறிவித்தார். வீடுகளில் எலிகள் செத்து விழுந்தன. பின்னர் மனிதர் விழுந்தனர். மக்கள் பல்லாயிரவராக ஊரைவிட்டு ஓடினர். நோயாளரை வீடு புகுந்து பிரித்தெடுத்த அரசின் கடுமை மக்களின் வெறுப்பை வளர்த்தது. 1897இல் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டு இறந்ததும் அவ்வெறுப்பின் விளைவே. இத்தகைய வேளையில் ஹாஃப்கின் அரசின் அழைப்பை ஏற்று 1896 அக்டோபரில் இங்கு வந்தார்.

கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதனை ஒட்டிய நடைபாதையும் அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம். ஓர் எழுத்தரும் பியூன்கள் மூவருமே பணியாளர். அக்கருவிகளைக் கொண்டு மூன்றே மாதத்தில் பிளேக் தடுப்பு மருந்தை அவர் ஆக்கினார். பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்தவருள் ஒருவரான எர்சின், ஹாஃப்கின் பயின்ற பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்தவர். அக்கிருமியை வளர்க்க ஹாஃப்கின் கையாண்ட முறை நம் இல்லத்தரசியர்க்கு வியப்பூட்டும். பசுவும் பன்றியும் நம் நாட்டாருள் சிலர்க்கு ஆகா என்பதறிந்து, ஆட்டிறைச்சிச் சாற்றில் கிருமியை வளர்த்தார். அச்சாற்றின் மேல் சில துளி நெய்யை மிதக்க விட்டார். அந்நெய்த் துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் கீழ்நோக்கி விழுதுகள் போல் இறங்கி வளர்ந்தன. அவ்வாறு சில வாரம் வளர்ந்தவற்றை வெப்பத்தால் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்து ஊசிமருந்தாக்கினார். இம்முறை மருந்தில் இருந்தவை உயிருள்ள கிருமிகள் அல்ல, இறந்த கிருமிகளே.

1897 ஜனவரி 10ஆம் நாள் மீண்டும் முதல் ஊசி அவர் உடலிலேயே ஏறியது. பின்னர் பிறர்க்கு வழங்கிய அளவினும் பன்மடங்கு கூடிய அளவு அது. கடுங்காய்ச்சல் கண்டது, தாங்கினார். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் நுழைந்தபோது, தாமாக முன்வந்த கைதிகளுக்கு ஊசி இடப்பட்டது. சிறையில் நேர்ந்த பிளேக் மரணங்கள் ஊசி இட்டுக்கொள்ளாதவரிடையே நிகழ்ந்தன. 1898இல் பரோடாவை அடுத்த உந்தேரா என்னும் சிற்றூரில் ஒவ்வொரு குடும்பத்திலும் சிலர்க்கு ஊசி இட்டுச் சிலரை விட்டுவைத்தனர். பின்னர் அங்கு நோய் புகுந்த வீடுகளில், ஊசி இடாத 64 பேருள் 26 பேர் மாண்டனர். ஊசி இட்ட 71 பேருள் மாண்டவர் மூவரே. இளம் ஆகாகான் அவர்கள் தாமே ஊசி இட்டுக்கொண்டு, தம்மைப் பின்பற்றும் கோஜா மக்களையும் இட்டுக்கொள்ளச் செய்து, மருந்து ஆக்குவதற்குத் தம் மாளிகை ஒன்றையும் அளித்தார்.

1899இல் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகை ஹாஃப்கினின் ஆய்வுக்கூடமாயிற்று. 1882இல் ஆளுநர் பெர்குசனின் மனைவியார் காலராவால் உயிர்நீத்தது அம்மாளிகையில்தான். காலரா புகுந்த மாளிகையிலேயே, காலராவுக்கு மருந்து கண்டவர் பிளேக்கை எதிர்க்க அமர்ந்தார். அங்கிருந்து நாடெங்கும் மருந்துப் புட்டிகள் சென்றன. அரசியார் விக்டோரியாவின் பட்டமும் வந்தது. அவர் புகழின் உச்சியில் இருந்தார்.

அப்போதுதான் இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி இடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து ஏற்ற 19 பேரும் சில நாளில் இரணசன்னி கண்டு மாண்டனர். ஏனைய புட்டிகளால் எவர்க்கும் தீங்கில்லை. பத்தொன்பது எளிய குடிகளின் உயிர்! அக்குடும்பங்களின் கண்ணீருக்கு ஆறுதல் சொல்லவும் எவரால் இயலும்? ஊசியைப் பற்றிய அச்சம் ஊர் ஊராகப் பரவியது. பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. அவர் பணியினின்று விலக்கப்பட்டார். 1904இல் இந்தியாவை விட்டு அகன்றார்.

பம்பாய்த் தலைமை நீதிபதியின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, புட்டி திறக்கப்படும் முன்னரே, அதாவது பரேல் ஆய்வுக்கூடத்திலேயே, அதனுள் நச்சுக்கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று முடிவு கூறியது. கார்பாலிக் அமிலத்தை விடுத்து வெப்பத்தையே நம்பி ஹாஃப்கின் செய்த மாற்றமும் குறையாகப் பேசப்பட்டது. ஆனால் அம்முறை பாஸ்டர் நிலையத்தில் முன்னரே வழக்கில் இருந்ததாகும். சாட்சியத்தில் வேறொன்றும் வெளிப்பட்டிருந்தது. முல்கோவாலில் அப்புட்டியைத் திறந்தபோது, தக்கையை எடுக்கும் இடுக்கி உதவியாளரின் கைதவறித் தரையில் விழுந்தது. முறைப்படி தூய்மை செய்யாமலே அது மீண்டும் பயன்பட்டது. இரணசன்னிக் கிருமி குதிரை, மாடு ஆகியவற்றின் குடலில் வாழ்வது. சாணத்தின் வழியே மண்ணிற் கலந்து, விதைபோல் நெடுநாள் உறங்கிக் கிடப்பது. சிற்றூர்த் தரையில் அது இல்லாத இடம் அரிது. மேலும், அக்கிருமி புட்டிக்குள் பல நாள் வளர்ந்திருப்பின் திறந்த கணமே கெட்ட நாற்றம் எழுந்திருக்கும். திறந்தவர் அத்தகைய நாற்றம் எதனையும் உணரவில்லை.

இவையனைத்தும் ஏட்டில் இருந்தும் குழுவின் முடிவே நின்றது. ஹாஃப்கின் லண்டனில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். தம் ஆங்கில மேலதிகாரிகளுக்கு அவர் அயலார். தம் தாய்நாட்டுக்கு வேண்டாதவர். தமக்கென மனைவியோ மக்களோ இல்லாதவர். விசாரணையின் ஏடுகள் 1906 இறுதியில் வெளிவந்தபின் அறிவுலகம் அவற்றைப் படித்தது. லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, தீங்கு புட்டியைத் திறந்தபோதே நேர்ந்திருக்க வேண்டும் என்றனர். மலேரியாவைக் கொசு பரப்புவதை இந்திய மண்ணில் நிறுவிய ரொனால்டு ராஸ் அவருக்காக எழுதினார். 1907 ஜூலையில் நுண்கிருமி ஆராய்ச்சியில் தலைசிறந்த பதின்மர் கையொப்பமிட்டு லண்டன் டைம்ஸ் இதழில் அவர்தம் குற்றமின்மையை எடுத்துரைத்தனர். பிரான்சில் குற்றமற்ற டிரைபஸ் என்னும் யூத அதிகாரி தண்டிக்கப்பட்டதோடு பலர் இதனை ஒப்பிட்டனர். அவ்வாண்டு இறுதியில் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்பது ஏற்கப்பட்டது.

அவர் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் பரேல் அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு அளிக்கப்பட்டது. மக்களிடையே மருந்தைச் சோதித்தறியும் உரிமை அளிக்கப்படவில்லை. வேலி கட்டிய அவ்வட்டத்துள் தம் கடமையைச் செய்து, ஓய்வு வயதை எட்டியதும் இந்நாட்டினின்று விடைபெற்றார். பிற்காலத்தைத் தம் சமயக் கல்விக்கும் தம் மக்களின் நலத்துக்கும் ஒதுக்கினார். சேர்த்த பொருளை ஐரோப்பாவின் கீழ்ப்பகுதி யூதப் பள்ளிகளுக்கென அறக்கட்டளையாக்கி, 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இயற்கை எய்தினார்.

அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1925இல், பரேல் ஆய்வுக்கூடம் அவர் பெயரைப் பெற்றிருந்தது. அவ்வாண்டு வரை 2 கோடியே 60 லட்சம் பிளேக் ஊசிகள் அங்கிருந்து சென்றிருந்தன. 1964இல் சுதந்திர இந்தியா அவர் உருவை அஞ்சல்தலையிற் பொறித்தது. அவர் ஆக்கிய மருந்துகள் குறையற்றவை அல்ல. பின்வந்தோர் அவற்றினும் மேம்பட்டவற்றை ஆக்கினர். பிளேக்கை எலித் தெள்ளுப்பூச்சி பரப்புகின்றது என்பதையும் 1898இல் சிமோன் என்னும் மற்றொரு பாஸ்டர் நிலைய அறிஞரே கண்டார். ஆயினும், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடுவதும் வீட்டைப் பூட்டுவதும் தவிர வேறு வழியறியாதிருந்த நகருக்கு, நோய் வருமுன் காத்துக்கொள்ளும் வழியைக் காட்டியவர் இவரே.

2020ஆம் ஆண்டு நம் கதவுகளும் பூட்டிக் கிடந்தன. அடுத்த வீட்டாரையும் அணுக அஞ்சினோம். மறு ஆண்டு தடுப்பூசிக்கு வரிசையில் நின்றபோது, இது தகுமோ தகாதோ என்று நம்மில் பலர் தயங்கியதும் உண்டு. அத்தயக்கம் பழியன்று, கட்டால் பகான் மக்களும் தயங்கியவரே. அவர்தம் தயக்கத்தைத் தீர்த்தது அதட்டல் அன்று, முதலில் தம் மேனியை நீட்டியோரின் செயலாகும். அதுபோன்றே, துன்பம் நேர்ந்தவுடன் அருகிருக்கும் அயலான்மீது பழியைச் சுமத்தும் வழக்கமும் இன்னும் மறையவில்லை. வேற்று மாநிலத்தில் வாழும் நாம் அதன் சுடுதலை ஓரளவு அறிவோம். ஏட்டை முற்றும் படித்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும் என்பதை ஹாஃப்கின் காத்திருந்த ஆண்டுகள் நமக்குக் கற்பிக்கின்றன.

பரேல் வழியே செல்லும்போது நம் குழந்தைகளுக்கு அம்மாளிகையைக் காட்டுவோம். நாம் குடியிருக்கும் தெருவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைச் சொல்வோம். சொந்த நாடு ஏற்காத ஒருவர் வந்த நாட்டுக்கு உழைத்தார். வந்த நாட்டின் அரசு வருத்தியபோதும் அந்நாட்டு மக்களை அவர் வெறுக்கவில்லை. வந்த இடத்துக்கு உண்மையாய் உழைத்து, பிறந்த மரபையும் விடாது காத்த அப்பெருமகனாரின் வாழ்வு, அவ்விரண்டையும் கடமையாகக் கொண்ட நம் சங்கத்தார்க்கு என்றும் துணையாக நிற்பதாக.